விமானத்துக்குத் தரைச் சிவப்பு

எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது மாதம், ராயகிரியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், ஆண்டு விழாவுக்கு வந்திருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, என் கணவரின் விமானத்தில் எழுதியிருந்த பெயர் கரைந்து வழிந்தது.

விமானம் என்றால் ஆள் ஏறிப் போகிற விமானம் அல்ல. நுனிக்கு நுனி மூன்றடி இறக்கை, கையில் எடுத்தால் எடையே தெரியாத மரத்தில் செய்தது. மூக்கில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு எஞ்சின். எஞ்சின்தான் சின்னது, அதன் சத்தத்துக்கு நாலு தெரு நாய்கள் குரைக்கும். இறக்கை நுனியிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் நீளமாக வரும். அவற்றின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் நடுவில் அவர் நிற்பார். விமானம் அவரைச் சுற்றி வட்டமடிக்கும். அவரும் கூடவே சுற்றுவார். மணிக்கட்டை இப்படி அசைத்தால் ஏறும், அப்படி அசைத்தால் இறங்கும்.

அவருக்குச் சங்கரன்கோவிலில் வைண்டிங் கடை. கிணற்று மோட்டார் எரிந்துபோனால் உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுருள்களை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றிக் கட்டித் தருகிற கடை. அந்தத் தொழிலைப் பழக இரண்டு வருஷம் பெங்களூரில் இருந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஒரு திடலில் சிலர் இப்படி விமானம் விடுவதைப் பார்த்து, பக்கத்தில் போய் நின்று, பிறகு அவர்களுக்குக் கம்பி பிடித்து, கடைசியில் ஒரு பழைய எஞ்சினைச் சொந்தமாக வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். கல்யாணத்துக்கு முன்பு இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

நான் பாளையங்கோட்டையில் வேதியியல் படித்தவள். பெண் பார்க்க வந்தபோது, "பொண்ணு டிகிரி முடிச்சிருக்கு" என்றார் என் அப்பா. "சந்தோசம்" என்றார்கள் அவர்கள். என் படிப்பைப் பற்றி இரண்டு வீட்டுக்கும் நடுவே நடந்த பேச்சு அவ்வளவுதான். சான்றிதழைப் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்துப் பெட்டியைப் பூட்டி எடுத்துவந்தேன்.

ராயகிரி விஷயத்துக்கு வருகிறேன். அங்கே ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர், ஆண்டு விழாவில் விமானம் விட்டுக் காட்ட வேண்டும் என்று கேட்டிருந்தார். என் கணவர் குதித்துவிட்டார். அவருடைய கூட்டாளி ஒருவர் உண்டு, போர்டு எழுதுகிறவர். என் கணவரைவிட ஐந்தாறு வயது மூத்தவர். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் பாதிப் பலகைகள் அவர் கையெழுத்துதான். அவரிடம் விமானத்தைக் கொடுத்தார். அவர் அதற்கு எனாமல் பெயிண்டில் நல்ல நீலம் அடித்து, இறக்கை இரண்டிலும் வெள்ளையில் அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரை எழுதித் தந்தார். அச்சு எழுத்து தோற்றுவிடும். எனக்கே பார்க்கப் பெருமையாக இருந்தது.

விமானம் நன்றாகத்தான் பறந்தது. நாலைந்து நிமிஷம் சுற்றி, எரிபொருள் தீர்ந்து, சத்தம் நின்று, புழுதியில் வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. ஒரே கைதட்டல். தலைமை ஆசிரியர் சந்தோஷத்தில் ஓடிப்போய் இரண்டு கையாலும் அதைத் தூக்கி, விழாவுக்கு வந்திருந்த பெரியவரிடம் காட்டினார். காட்டும்போதே ஆசிரியரின் முகம் மாறியது. கை முழுக்க நீலம். வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. வலது இறக்கையில் பள்ளிக்கூடத்தின் பெயரில் முதல் மூன்று எழுத்து மட்டும் இருந்தது. மிச்சமெல்லாம் நீலமும் வெள்ளையுமாகக் குழம்பி எண்ணெயோடு ஒழுகிக்கொண்டிருந்தது.

"இதுதான் எங்க பள்ளிக்கூடத்துக்குச் செய்த மரியாதையா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகக் கேட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் முன்னால் பெண்கள் இருக்கையில் இருந்தேன். எனக்குப் பின்னால் என் கணவரும் போர்டுக்காரரும். மடியில் பேப்பர் சுற்றிய விமானம். அந்தப் பேப்பரும் ஒட்டிக்கொண்டது என்பது வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது.

"ஏலே, என் பெயிண்ட குத்தம் சொல்லாத" என்றார் போர்டுக்காரர். "நான் எழுதுன போர்டு பத்து வருசமா வெயில்லயும் மழையிலயும் கெடக்கு. ஒரு புள்ளி போவல. உன் எஞ்சின் சூட்டுலதான் இளகிட்டு."

"சூடா? எஞ்சின் இருக்கது மூக்குல. இறக்கை நுனியில சூடு எங்கன வருது? இது எண்ணெய் வே. வெளக்கெண்ணெய் பெயிண்டத் திங்குது."

"வெளக்கெண்ணெய் பெயிண்டத் திங்குமா? கேட்டா சிரிப்பாங்க."

இப்படியே புளியங்குடி வரைக்கும் போனது. எனக்குப் பொறுக்கவில்லை. திரும்பிப் பார்த்துச் சொன்னேன்: "சூடும் இல்ல, எண்ணெயும் இல்ல. மெத்தனால்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கிடையாது. நாலு பங்கு மெத்தனாலும் ஒரு பங்கு விளக்கெண்ணெயும் கலந்து ஊற்ற வேண்டும். மெத்தனால் எரியும், விளக்கெண்ணெய் எஞ்சினைத் தேயாமல் காக்கும். எரிந்தது போக மிச்சம் புகைத் துளை வழியாகப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். விமானம் பறக்கிற வேகத்தில் அது உடம்பு முழுக்கப் பூசிக்கொள்ளும். மெத்தனாலை நான் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மூன்று வருஷம் கையாண்டிருக்கிறேன். அது எதை எல்லாம் கரைக்கும் என்று எனக்குத் தெரியும். பெயிண்டை என்ன செய்யும் என்று மட்டும் நேரில் பார்த்ததில்லை.

"எப்படிட்டி அவ்வளவு உறுதியாச் சொல்லுத?" என்றார் என் கணவர்.

"நாளைக்குக் காட்டுதேன்" என்றேன்.

காட்டினேன். மறுநாள் அவரைப் பழைய மண்ணெண்ணெய் டின் ஒன்றைக் கத்தரித்துக் கையகலத் தகடுகளாக வெட்டித் தரச் சொன்னேன். போர்டுக்காரரின் நீலம் பூசிய தகடு மூன்று எடுத்தேன். ஒன்றில் விளக்கெண்ணெயில் நனைத்த பஞ்சு, ஒன்றில் மெத்தனாலில் நனைத்த பஞ்சு, ஒன்றில் இரண்டும் கலந்த எரிபொருள். காற்றில் ஆவியாகிவிடாமல் மூன்றின்மேலும் டம்ளரைக் கவிழ்த்தேன். அந்த டம்ளர்களை அப்புறம் சமையலுக்கு எடுக்கவில்லை, கடைக்கே கொடுத்துவிட்டேன். மெத்தனால் விஷம். அதுவரைக்கும் அவர் அதைச் சோடா பாட்டிலில் ஊற்றி அடுக்களை அலமாரிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அன்றைக்கே அதைக் கடைக்கு அனுப்பி, பூட்டுப் போட்ட பெட்டியில் வைக்கச் சொல்லி, பாட்டிலில் 'விஷம்' என்று சிவப்பில் எழுதி ஒட்டினேன். அந்த வீட்டில் நான் போட்ட முதல் உத்தரவு அது. யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து டம்ளர்களை எடுத்தேன். போர்டுக்காரரும் வந்திருந்தார். விளக்கெண்ணெய்த் தகடு துடைத்ததும் பளபளவென்று இருந்தது. மெத்தனால் தகடு வெளிறி, நகத்தால் கீறினால் உரிந்து வந்தது. கலந்து ஊற்றிய தகடுதான் எல்லாவற்றையும்விட மோசம். பெயிண்ட் தோல் மாதிரி சுருங்கி எழும்பியிருந்தது.

"பாத்தீங்களா அண்ணாச்சி? மெத்தனால் தனியா இருந்தா காத்துல ஆறிப் போயிரும். வெளக்கெண்ணெய் அதப் போவ விடாம பெயிண்டு மேல ஒட்ட வச்சிக்கிடுது. எண்ணெய் திங்கல, திங்கதுக்குப் பிடிச்சுக் குடுக்கு."

போர்டுக்காரர் தகட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி தங்கச்சி. அப்போ என் எனாமல் ஒண்ணுக்கும் ஆகாதுங்கியா?"

"போர்டுக்கு ஆகும். இதுக்கு ஆகாது. அதுலயும் நீங்க எழுதி ரெண்டே நாள்ல பறக்க விட்டுட்டோம். பெயிண்டு உள்ளுக்குள்ள காயவே இல்ல."

அடுத்த இரண்டு வாரம் எனக்கு அந்தத் தகடுகள்தான் உலகம். மத்தியானச் சாப்பாடு முடிந்து அடுக்களையைக் கழுவி விட்டதும் கொல்லைப்புறத்து நிழலில் உட்கார்ந்துவிடுவேன். ஊரில் எங்கெல்லாம் எதையெல்லாம் பூசுகிறார்களோ அதையெல்லாம் ஒரு தகட்டில் பூசி வாங்கிவரச் சொன்னேன். தச்சர்கள் நாற்காலிக்குப் போடும் அரக்குப் பாலிஷ் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை, அது பிறந்ததே மெத்தனாலுக்குச் சொந்தமான ஸ்பிரிட்டில்தான். லாரிப் பட்டறையில் அடிக்கிற லாக்கர் பெயிண்ட் பத்து நிமிஷத்தில் பசையானது. கதவுக்கு அடிக்கிற வார்னிஷ் பால் மாதிரி வெளுத்தது. இரண்டு டியூபைப் பிதுக்கிக் கலந்து ஒட்டுகிற பசை ஒன்று இருக்கிறதே, அது மட்டும் அசையவில்லை. ஆனால் கெட்டி. உடம்பு முழுக்கப் பூசினால் விமானம் தரையை விட்டு எழும்பாது என்றார் என் கணவர். அது நியாயம். அதை எரிபொருள் டப்பா உட்காரும் பள்ளத்துக்குள் மட்டும் பூசுவதென்று முடிவு செய்தோம். அங்கே மரம் எண்ணெய் குடித்து ஊறிப்போயிருந்தது.

தீர்வு கிடைத்தது கடையில். ஒரு நாள் சாப்பாட்டு டிபன் கேரியரைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். கடை மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு தகரப் பெட்டி. உள்ளே இருநூறு வாட் பல்புகள் எரியும். மோட்டார்ச் சுருள்களை வார்னிஷில் முக்கி, அந்தப் பெட்டிக்குள் வைத்துச் சூட்டில் காயவைப்பார்கள். சுருளுக்குள் கம்பியும் கம்பியும் உரசிக்கொள்ளாமல், மின்சாரம் கசியாமல் அந்த வார்னிஷ்தான் காக்கும். பெட்டிக்குள் தரையில் வருஷக்கணக்காகச் சொட்டிய வார்னிஷ், கருஞ்சிவப்பாக, கண்ணாடி மாதிரி இறுகிக் கிடந்தது. நகத்தால் கீறினேன். நகம்தான் மழுங்கியது.

"இதுல கொஞ்சம் எரிபொருள ஊத்துங்க" என்றேன்.

"சோறு ஆறுது ஏட்டி."

"ஊத்துங்க முதல்ல."

ஊற்றினார். சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து துடைத்துப் பார்த்தார். ஊற்றின இடம் எது, ஊற்றாத இடம் எது என்று தெரியவில்லை. "மூணு வருசமா இந்தப் பெட்டிக்கு முன்னாலதான் உக்காந்திருக்கேன்" என்றார்.

இதற்குப் பிறகு எல்லாம் நேராக நடந்தது என்று சொல்ல ஆசைதான். நடக்கவில்லை. முதல் தடவை நான்தான் தப்புச் செய்தேன். போர்டுக்காரரைப் புதிதாக நீலம் அடிக்கச் சொல்லி, அதன்மேல் இந்த வார்னிஷை நிறம் கலக்காமல் ஒரு பூச்சு பூசிவிட்டால் போதும் என்று நினைத்தேன். பூசி அரை மணி நேரத்தில் நீலம் முழுக்கக் கிழவியின் புறங்கை மாதிரி சுருங்கிவிட்டது. வார்னிஷை இளக்குகிற தின்னர் எனாமலுக்குச் சத்துரு. அதை நான் யோசித்திருக்க வேண்டும். சுருங்காமல் தப்பித்த இடத்திலும் வார்னிஷின் மஞ்சள் ஏறி நீலம் பாசிப் பச்சையாகிவிட்டது.

"குளத்துல கெடந்து எடுத்த மாதிரி இருக்கு" என்றார் போர்டுக்காரர். அவர் முகத்தில் அன்றைக்குத்தான் மறுபடியும் சிரிப்பைப் பார்த்தேன்.

"என் தப்பு அண்ணாச்சி. தகட்டுல பாக்காம நேர பூசிட்டேன். இனிமே அப்படிச் செய்யமாட்டேன்" என்றேன். தப்பை ஒத்துக்கொள்வதில் எனக்கு எப்போதும் சிரமம் இருந்ததில்லை. அடுத்த வழி எனக்குத் தெரியும் என்கிற தைரியம்தான் காரணம்.

அடுத்த வழி இது: எனாமலே வேண்டாம். நிறத்தை வார்னிஷிலேயே கலந்துவிடுவது. எந்த நிறம் என்பதுதான் கேள்வி. மஞ்சள் ஏறினாலும் கெடாத நிறமாக இருக்க வேண்டும், மெத்தனாலில் கரையாத பொடியாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டு முன்னறைத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பதில் காலுக்கடியில் கிடந்தது. சிமெண்டுத் தரைக்குப் போடுகிற சிவப்பு ஆக்சைடு. எந்த ஹார்டுவேர் கடையிலும் பொட்டலமாகக் கிடைக்கும். கறுப்பிலும் உண்டு. இரும்புத் துருவுக்கு உறவு, மெத்தனால் அதை ஒன்றும் செய்யாது.

போர்டுக்காரருக்கு இதைக் கேட்டதும் மனசு உடைந்துவிட்டது. "தரைக்குப் பூசுததயா விமானத்துக்குப் பூசச் சொல்லுத? மூணு தலமுறை சிரிக்கும் தங்கச்சி."

"ஒட்டிக்கிட்டு இருந்தா யாரும் சிரிக்கமாட்டாங்க அண்ணாச்சி. வழிஞ்சாத்தான் சிரிப்பாங்க. ராயகிரியில பாத்தோம்லா."

பழைய பெயிண்டைச் சுரண்டி எடுத்தோம். மரத்தில் ஊறிய விளக்கெண்ணெய் போகாமல் எதைப் பூசினாலும் நிற்காது. சோப்புத் தண்ணீரில் துடைத்தும் பிசுக்குப் போகவில்லை. கடைசியில் சீயக்காயைக் கரைத்துத் துணியில் தொட்டு, மரம் நனைந்துவிடாமல் லேசாக லேசாகத் தேய்த்து எடுத்தேன். என் மாமியார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பெத்த பிள்ளைக்குக்கூட ஒருத்தி இப்படி எண்ணெ எடுக்கமாட்டா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், தன் பங்குச் சீயக்காய்ப் பொடியையும் கொண்டுவந்து வைத்தார்கள்.

ஆக்சைடைத் துணியில் இரண்டு தடவை சலித்து வார்னிஷில் குழைத்து, மெல்லிசாக மூன்று பூச்சு பூசினோம். ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் ஒரு நாள் வெளிக்காற்றில் வைத்துத் தின்னர் வாடை போன பிறகுதான் பல்புப் பெட்டிக்குள் வைக்க விட்டேன். வாடையோடு வைத்தால் தீப்பிடிக்கும். பல்புகளில் பாதியைக் கழற்றிவிட்டோம், அதிகச் சூட்டில் மரம் முறுக்கிக்கொள்ளும். விமானத்தோடு சேர்த்து அதே பூச்சுப் பூசிய தகடுகளையும் உள்ளே வைத்தேன்.

சண்டை வந்தது அந்தத் தகடுகளால்தான்.

அரை நாள் கழித்து ஒரு தகட்டை எடுத்து எரிபொருள் வைத்துப் பார்த்தேன். நகம் பதிந்தது. "இன்னும் காயல. ரெண்டு நாள் இருக்கட்டும்" என்றேன்.

"ரெண்டு நாளா? மோட்டாரக் காலையில முக்கி வச்சா சாயந்தரம் எடுத்துக் குடுத்துருதோம். அது அஞ்சு குதிரைச் சக்தி மோட்டார். இதுக்குப் போயி ரெண்டு நாளா?"

அவர் சொன்னதும் எனக்கு வேறொன்று தோன்றியது. கடையில் ஒரு மோட்டார் திரும்பி வந்து கிடந்தது. புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டத்து மோட்டார். கட்டிக் கொடுத்து எட்டு மாதத்தில் மறுபடி எரிந்துவிட்டது. கரண்டு ஏறி இறங்குவதால்தான் எரிகிறது என்று அவர் சொல்லுவார், ஊரில் எல்லா வைண்டிங் கடையிலும் அதையேதான் சொல்லுவார்கள்.

"அந்த மோட்டார்ச் சுருள ஒண்ண நடுவுல வெட்டிக் குடுங்க" என்றேன்.

வெட்டினார். வெளிப்பக்கம் கருகி இறுகியிருந்தது. எரியாத பக்கத்துச் சுருளின் நடுவில் விரலை வைத்தேன். ஒட்டியது. எட்டு மாதத்துக்கு முன் முக்கிய வார்னிஷ் உள்ளே இன்னும் பிசுபிசுவென்று இருந்தது.

விரலை அவர் முகத்துக்கு நேராகக் காட்டினேன். அப்படிக் காட்டியிருக்க வேண்டியதில்லை. கடையில் வேலைக்கு இருந்த இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கடைய நடத்துதது நானா நீயா?" என்று கேட்டார்.

"நீங்கதான். உள்ள காயலங்கதும் நெசம்தான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், போனார். எனக்கு அழுகை வந்தது, ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. உள்ளே காயவில்லை. நான் என்ன செய்ய முடியும்?

மூன்றாம் நாள் மத்தியானம் அவர் வந்து, இலைக்கு முன்னால் உட்காருவதற்கு முன், சட்டைப் பையிலிருந்து இரண்டு செம்புச் சுருள்களை எடுத்து என் பக்கத்தில் வைத்தார். இரண்டும் நடுவில் வெட்டியிருந்தன. "இது அரை நாள். இது ரெண்டு நாள். நீயே தொட்டுப் பாரு" என்றார். தொட்டேன். ஒன்று ஒட்டியது, ஒன்று கல் மாதிரி இருந்தது.

"நாளையில இருந்து ரெண்டு நாள் வச்சித்தான் குடுக்கப் போறேன்" என்றார். "ஆளுக சத்தம் போடுவாங்க."

சத்தம் போட்டார்கள். பயிர் காய்கிறது, தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று நிற்கிற ஆளிடம் இரண்டு நாள் கழித்து வா என்று சொன்னால் யார்தான் கேட்பார்கள்? கொஞ்சப் பேர் வேறு கடைக்குப் போனார்கள். என் கணவர் அசையவில்லை. எரிந்த அந்தப் புளியங்குடி மோட்டாரைக் கூலி இல்லாமல் மறுபடி கட்டிக்கொடுத்தார். தன் தப்பு என்று அந்த ஆளிடமே சொல்லியும் விட்டார். அன்றைக்குத்தான் எனக்கு அவர் மேல் உண்மையான மதிப்பு வந்தது. அதுவரை பிரியம் மட்டும் இருந்தது.

இதற்கிடையில் விமானமும் காய்ந்தது. போர்டுக்காரர் முனகிக்கொண்டே வந்து, கறுப்பு ஆக்சைடைக் குழைத்து இறக்கைகளில் கோடு இழுத்தார். "பிரஷ்ல ஓட மாட்டேங்கு, பாகு மாதிரி இழுக்கு" என்று திட்டினார். ஆனால் அவர் இழுத்த கோடு கோடாகத்தான் இருந்தது. சிவப்பில் கறுப்பு வரிகள். கட்டெறும்பு மாதிரி மினுங்கியது. அவரே கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "மோசமில்ல" என்றார்.

பறக்கவிட்டது புளியங்குடியில். அந்தத் தோட்டக்காரர்தான் ஏற்பாடு செய்தார். அவருடைய மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி வைத்திருந்தார்கள். விமானம் விடுகிற மோட்டார்க் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார், பொய் சொல்லாத ஆள் என்று அவர் அங்கே சொல்லியிருக்கிறார்.

முதல் சுற்று முடிந்து விமானம் இறங்கியதும் நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மைதானத்துக்குள்ளேயே போய்விட்டேன். வலது பக்கம் முழுக்க எண்ணெய். வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துத் துணியைப் பார்த்தேன். எண்ணெய் மட்டும்தான் இருந்தது. சிவப்பு ஒரு துளி இல்லை. துணியைத் தூக்கி அவருக்குக் காட்டினேன். அவர் நடுமைதானத்தில் கைப்பிடியைப் பிடித்தபடியே சிரித்தார். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது சுற்று. ஒவ்வொரு தடவையும் துடைத்தேன், ஒவ்வொரு தடவையும் துணி வெள்ளைதான்.

ஐந்தாவது சுற்றில் மேல்காற்று ஒன்று குறுக்கே அடித்தது. கம்பி தளர்ந்து, விமானம் தலைகீழாக வந்து தரையில் குத்தியது. மரம் நாலு துண்டு. பிள்ளைகளெல்லாம் 'ஐயோ' என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். என் கணவர் ஒரு துண்டை எடுத்தார். போர்டுக்காரர் ஒரு துண்டை எடுத்தார். இரண்டு பேரும் உடைந்த இடத்தைப் பார்க்கவே இல்லை, நகத்தால் பெயிண்டைக் கீறிப் பார்த்தார்கள்.

"போவல வே" என்றார் போர்டுக்காரர்.

"போவல" என்றார் என் கணவர். விமானம் உடைந்ததற்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்த ஒரு மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

கூடியிருந்தவர்களில் அந்தப் பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சர் ஒருவர், எண்ணெயில் குளித்தும் பெயிண்ட் எப்படி இப்படி நிற்கிறது என்று கேட்டார். என் கணவர் என் பக்கம் கையைக் காட்டினார். "அவகிட்டக் கேளுங்க டீச்சர். அவ கெமிஸ்ட்ரி படிச்சவ. நாங்க ரெண்டு பேரும் சூடு, எண்ணெய்னு சண்ட போட்டுக்கிட்டு இருந்தோம்."

பேசினேன். மர நிழலில் நின்று, உடைந்த இறக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு, எது எதைக் கரைக்கும், எது ஏன் கரையாது, ஏன் காத்திருக்க வேண்டும் என்று அரை மணி நேரம் அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். கல்லூரியில் வாய்மொழித் தேர்வில்கூட எனக்கு அப்படி வார்த்தை வந்ததில்லை. யாராவது வந்து கேட்க வேண்டும் என்பதற்காகவே அத்தனையும் எனக்குள் காத்துக்கொண்டிருந்தது போலிருந்தது.

அடுத்த மாதத்திலிருந்து வார்னிஷ் வேலை என் பொறுப்பானது. முதலில் சாப்பாடு கொண்டுபோகும்போது ஒரு மணி நேரம், பிறகு மத்தியானம் முழுக்க, பிறகு காலையிலிருந்து. வார்னிஷ் டின் புதிதாக வந்தால் நான் ஒரு தகட்டில் பூசிப் பார்த்த பிறகுதான் சுருள் முக்குவார்கள். பெட்டிக்குள் எப்போது வைத்தது, எப்போது எடுக்க வேண்டும் என்று நான் சாக்பீஸால் எழுதிவைப்பேன். நான் சொல்லாமல் கதவைத் திறக்க அவருக்கும் அனுமதி கிடையாது. தெருவில் பேசினார்கள். வைண்டிங் கடையில் ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கிறாள் என்று வேடிக்கை பார்த்துக்கொண்டு போனவர்களும் உண்டு. என் மாமியார் நான் போகும் நேரத்துக்கு முன்னதாகவே உலை வைக்க ஆரம்பித்தார்கள்.

அப்படி ஒரு நாள், அவர் மதுரைக்குச் செம்புக் கம்பி வாங்கப் போயிருந்தார். மேலநீலிதநல்லூரிலிருந்து ஒரு பெரியவர் மோட்டாரை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். கடைக்குள் எட்டிப் பார்த்தார். நாற்காலியில் நான். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஆம்பள யாரும் இல்லையா தாயி?"

"வெளியூர் போயிருக்காங்க. என்ன விசயம்னு எங்கிட்டச் சொல்லுங்க."

"மோட்டாரு எரிஞ்சிட்டு. மொளகாச் செடி காயுது. நாளைக்குக் கெடைக்குமா?"

மோட்டாரின் மூடியைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். சுருள் முழுக்கக் கரி. "கட்டுததுக்கு ஒரு நாள், காயுததுக்கு ரெண்டு நாள். வெள்ளிக்கிழமை வாங்க" என்றேன்.

"அங்கன பஜார்ல நாளைக்கே தாரேங்கான்."

"தருவாங்க. ஆனா அடுத்த கோடைக்கு மறுபடியும் நீங்க வண்டி கட்டணும். இங்கன குடுத்தா கட்ட வேண்டாம்."

பெரியவர் மாட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வண்டிக்காரரைக் கூப்பிட்டு, "எறக்குலே" என்றார்.